கொள்ளுப்பிட்டி வழியே ஆடிவேல் இரதம்

கொழும்பின் ஆடிவேல் விழா 1874 இல் தொடங்கியது. கதிர்காம யாத்திரையோடு வாந்திபேதியும் பரவுகிறதென்று பிரித்தானிய அரசு யாத்திரிகரைக் கட்டுப்படுத்திய காலம் அது. கதிர்காமம் போக முடியாத அடியாருக்காக, செட்டியார் தெருக் கோவில்களிலிருந்து வேல் இரதமேறி, காலிமுகத்திடலைக் கடந்து, கொள்ளுப்பிட்டி ஊடாகப் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் போகலாயிற்று. 1983 வன்செயலுக்குப் பின் சில ஆண்டுகள் இந்த வீதியுலா நடைபெறவில்லை.

நடந்து போனால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் வழி இது. இரதத்துக்குப் பல மணி நேரம் வேண்டும். காலி வீதி கடலோரச் சமதரை, ஏற்றம் இல்லை. தாமதத்துக்குக் காரணம் வாசலுக்கு வாசல் நிற்பதுதான். அர்ச்சனைக்காக நின்ற ஒவ்வொரு முறையும் இரதத்தைப் புதிதாகக் கிளப்ப வேண்டும். ஓடும்போது எதிர்க்கும் உராய்வைவிட, நிற்கும்போது வெல்லவேண்டிய எல்லை உராய்வு பெரிது. பரப்புகள் நெடுநேரம் தொட்டுக்கொண்டு நின்றால் அது இன்னும் கூடும் என்பதைப் பிரெஞ்சுப் பொறியியலாளர் கூலும் 18 ஆம் நூற்றாண்டிலேயே அளந்து கண்டார். மரத்தாலான பெருந்தேர் நிலையிலிருந்து பெயரும் அந்த முதல் அடிக்கே ஊர் முழுவதும் வடம் பிடிக்க வேண்டியிருப்பது இதனால்தான். அச்சிலே பூசும் மசகு இந்த உராய்வைக் குறைக்கிறது. சில்லு பெரிதாகவும் அச்சு மெலிதாகவும் இருந்தால் சில்லே நெம்புகோலாகி, வேண்டிய இழுவையை மேலும் குறைத்துவிடும்.

இரதத்தில் பூட்டிய மாடு குளம்பால் வீதியைப் பின்னே தள்ளுகிறது; வீதி மாட்டை முன்னே தள்ளுகிறது. 1687 இல் நியூற்றன் வகுத்த மூன்றாம் விதி இதுவே. ஆகவே அச்சில் தொல்லை தரும் அதே உராய்வு குளம்படியில் இல்லாவிட்டால் இரதம் அசையாது. தெரு நனைந்தால் மாடு வழுக்கித் தடுமாறுவதில் இதைக் கண்ணால் காணலாம்.

நகர்ந்த பிறகு சிக்கல் நிறுத்துவதில். இரதத்தின் திணிவு 2,000 கிலோகிராம் என்று கொள்வோம். விநாடிக்கு 1 மீற்றர் வேகத்தில் அது ஊர்ந்தாலும், அதற்குச் சமமான உந்தம் பெற 80 கிலோகிராம் மனிதர் ஒருவர் விநாடிக்கு 25 மீற்றர் ஓட வேண்டும். மணிக்கு 90 கிலோமீற்றர்! அவ்வளவு உந்தத்தைச் சட்டென்று அடக்கப் பெருவிசை வேண்டும். நேரம் நீண்டால் சிறு விசை போதும். பெருந்தேர்களுக்கு முட்டுக்கட்டை போடுவோர் செய்வது அதைத்தான்: ஆப்பு வடிவக் கட்டையைச் சில்லின் அடியில் கொடுத்து, அது தரையில் உரசி இழுபடும் தூரத்துக்குள் தேரை மெல்ல நிறுத்துகிறார்கள். ஒரு பக்கச் சில்லுக்கு மட்டும் கட்டை கொடுத்தால் மறுபக்கம் முந்திக்கொள்ள, தேர் திரும்பும்.