துன்பம், கீழ்ப்படிதல், பரிந்துரை மன்றாட்டு: விருத்தாசலம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. களமும் கேள்வியும்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம், பழமலைநாதர் கோயிலாலும் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்ற ஊர். அகல்விளக்கு, பொம்மை, மின்சாதனங்களுக்கான பீங்கான் உறுப்புகள் என்று பலவும் இங்குள்ள சூளைகளிலிருந்து வெளியூர் போகின்றன. செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இங்கே உண்டு. தமிழ்க் கிறித்தவத்தை ஆராய்வோருக்கு இவ்வட்டாரம் இன்னொரு காரணத்தாலும் முக்கியமானது. விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் வீரமாமுனிவரின் பெயரோடு இணைந்த பெரியநாயகி மாதா திருத்தலம் இருக்கிறது. அவர் 1726இல் நிறைவு செய்த தேம்பாவணிக் காப்பியமும் இத்தலத்தோடு சேர்த்தே பேசப்படுகிறது.

நோயோ சாவோ கடனோ வீட்டுக்குள் நுழைந்ததும் விசுவாசி முதலில் கேட்பது, ‘எனக்கு ஏன் இது?’ என்பதுதான். பாவத்தின் பலன், கடவுளின் சோதனை, நம்மைப் புடமிடும் நெருப்பு என்று மூன்று பதில்கள் சபைகளில் எப்போதும் கைவசம் இருக்கின்றன. மூன்றுமே துன்பத்துக்குக் காரணம் சொல்கின்றன. ஆனால் துன்பத்தின் பொருள் காரணத்தில் கிடைப்பதில்லை, துன்புறுகிறவர் பிறருக்காக மன்றாடத் தொடங்கும் இடத்தில்தான் அது பிறக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. விவிலியமும் தேம்பாவணியும் இதற்குச் சான்று. கீழ்ப்படிதலைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்வதும் இதனால் மாறியாக வேண்டும்.

2. குயவனும் மண்ணும்: உவமையின் எல்லை

துன்பத்தைப் பற்றிய பிரசங்கங்களில் எரேமியா 18ஆம் அதிகாரம் அடிக்கடி வரும். குயவன் கையில் மண் கெட்டுப்போகிறது. அவன் அதையே பிசைந்து வேறொரு பாத்திரமாக வனைகிறான். உடனே பிரசங்கியார் சூளைக்குத் தாவிவிடுவார்: கடவுள் நம்மை நெருப்பில் வைத்து உறுதியாக்குகிறார் என்பார். எரேமியா அப்படிச் சொல்லவில்லை. அவர் கண்டது சக்கரத்தில் சுழலும் ஈர மண். அதில் நெருப்பே இல்லை. சுட்ட பாத்திரம் அடுத்த அதிகாரத்தில் வருகிறது. தீர்க்கதரிசி அதை உடைக்கிறார், இனி இதைச் செப்பனிட முடியாது என்கிறார். ஈர மண்ணுக்குச் சொன்ன நம்பிக்கையைச் சுட்ட பாத்திரத்துக்கு மாற்றிவைத்தால் வேத வசனமும் தவறும், தொழிலும் தவறும்.

பீங்கான் தொழில் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். களிமண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் தூள்களைச் சேர்த்து நீர்விட்டுக் கூழாகக் கரைக்கிறார்கள். அந்தக் கூழைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் கெட்டியாகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, சற்று நேரம் கழித்து அச்சைப் பிரித்தால் பொம்மையின் பச்சை உருவம் வெளியே வருகிறது. அதன் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைத்து, ஒட்டுக்கோட்டைச் சீவி, காயவைக்கிறார்கள். இந்தக் காயவைத்தலில் அவசரம் ஆகாது. ஈரம் உள்ளே தங்கிவிட்டால் சூளையில் அது ஆவியாகிப் பொருளையே வெடிக்கச் செய்யும். வெப்பம் 500 பாகை செல்சியசைத் தாண்டும் கட்டத்தில் களிமண்ணோடு வேதிமுறையில் பிணைந்த நீரும் வெளியேறிவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது பழையபடி களிமண் ஆகாது. ஆறும்போதும் ஆபத்து உண்டு. குவார்ட்ஸ் 573 பாகையில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று சுருங்கும். பொறுமையிழந்து முன்கூட்டியே சூளையைத் திறந்தால் நல்ல பொருளிலும் விரிசல் விழுந்துவிடும்.

நெருப்பு தானாக எதையும் மேன்மைப்படுத்துவதில்லை என்பது சூளையருகில் நிற்பவர்களுக்குத் தெரிந்த செய்தி. துன்பமும் அப்படித்தான். ஒரே இழப்பு ஒருவரைக் கனிந்தவராக்குகிறது, இன்னொருவரை உடைத்துப் போடுகிறது. உடைந்தவரிடம் போய் ‘நீ சரியான மண் இல்லை’ என்று சொல்வது கொடுமை. பொன்னை நெருப்பில் சோதிக்கும் உவமையைப் பேதுருவின் முதல் திருமுகம் கையாள்கிறது. திருக்குறளின் தவம் அதிகாரமும் சுடப்படும் பொன்னைப் பேசுகிறது. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் அந்தக் குறளையும் பெயர்த்திருக்கிறார். ஆனால் வள்ளுவர் அங்கே பேசுவது விரும்பி நோன்பேற்றவர்களைப் பற்றி. கேட்காமலே வந்து விழுந்த துன்பத்துக்கு அதை அப்படியே பொருத்திச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

3. யோபுவின் நண்பர்கள்

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் அமர்ந்து மௌனமாக இருந்தார்கள். அவர்கள் செய்ததில் சிறந்த செயல் அதுதான். வாய் திறந்த பிறகு காரணம் தேடினார்கள். நூலின் முடிவில் கடவுள் அவர்களைக் கடிந்துகொள்கிறார். யோபுவுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. மாறாக அவருக்கு ஒரு பணி தரப்படுகிறது: தன்னைப் புண்படுத்திய அந்த நண்பர்களுக்காக மன்றாட வேண்டும். அப்படி மன்றாடியபோதுதான் அவர் நிலை மாறியது என்று 42ஆம் அதிகாரம் கூறுகிறது. புண் ஆறிய பிறகு அவர் மன்றாடவில்லை. சாம்பலில் உட்கார்ந்தபடியே மன்றாடினார். பலர் இழந்த செல்வம் இரட்டிப்பாகத் திரும்பியதையே பெரிதாகப் பிரசங்கிக்கிறார்கள். அதற்கு முன்னால் நிற்கும் இந்த ஒரு வசனத்தில்தான் நூலின் திருப்பமே இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

4. கீழ்ப்படிதல்: வளனின் வழி

தேம்பாவணி 3 காண்டம், 36 படலம், 3615 பாடல்கள் கொண்ட காப்பியம். அதன் தலைவன் வளன், அதாவது சூசையப்பர். நற்செய்தி நூல்களில் ஒரு வார்த்தையும் பேசாத ஒருவரைக் காப்பியத் தலைவனாக்க வீரமாமுனிவர் துணிந்தார். கீழ்ப்படிதலை ஆராய அவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார்.

மத்தேயு நற்செய்தியில் வளனின் கீழ்ப்படிதல் எப்படி இருக்கிறது? கனவில் சொல் வருகிறது. அவர் இரவோடு இரவாக எழுந்து, குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் போய்விடுகிறார். ஏரோதின் வாளுக்கு முன் ‘இதுதான் தேவ சித்தம்’ என்று உட்கார்ந்திருக்கவில்லை. கீழ்ப்படிதல் அங்கே குழந்தையைக் காப்பாற்றும் ஓட்டமாக இருக்கிறது. கெத்சமனியில் இயேசுவும் பாத்திரம் நீங்கும்படி மூன்று முறை மன்றாடிவிட்டுத்தான் தம்மை ஒப்புக்கொடுத்தார். அவர் உரத்த குரலோடும் கண்ணீரோடும் வேண்டினார் என்றும், பட்ட பாடுகளால் கீழ்ப்படிதலைக் கற்றார் என்றும் எபிரேயர் திருமுகம் ஒரே மூச்சில் சொல்கிறது. ஆகவே முறையிடுவது கீழ்ப்படியாமை ஆகாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றி அழுதுகொண்டு வரும் பெண்ணிடம், ‘பொறுத்துப்போம்மா, சிலுவையைச் சுமந்துக்கோ’ என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பீங்கான் தொழிலில் குவார்ட்ஸ் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரக்கூடும். வந்தால் குணமாக்க முடியாது. முகக்கவசம், தூசியை வெளியேற்றும் விசிறி, ஈரமாக வைத்துச் செய்யும் வேலைமுறை ஆகியவற்றால் வராமல் தடுக்க முடியும். தடுக்கக்கூடிய துன்பத்துக்கு ஆன்மிகப் பொருள் தேடிக்கொண்டிருப்பது கீழ்ப்படிதலில் சேராது. வளனைப் போல எழுந்து, ஆபத்திலிருக்கிறவரை வெளியே கொண்டுவருவதுதான் கீழ்ப்படிதல்.

5. கருணையனின் அழுகை

தப்பவே முடியாத துன்பத்துக்கு என்ன வழி? தேம்பாவணியில் கருணையன் தாயை இழக்கும் பகுதி இதற்கு விடை தருகிறது. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பாடநூல் வழியாகப் பிள்ளைகள் பலர் அறிந்த பகுதி இது. கருணையன் என்பது திருமுழுக்கு யோவானுக்கு வீரமாமுனிவர் வைத்த பெயர். காட்டில் தனித்து நிற்கும் சிறுவன் தாய் எலிசபெத்தின் உடலை மண்ணில் இட வேண்டியிருக்கிறது.

அவன் செய்வதை வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலில் கை குவிக்கிறான். என் தாயின் உடலை அன்போடு காத்துக்கொள் என்று நிலத்திடம் வேண்டுகிறான். பிறகு மலர்ப் படுக்கை விரிக்கிறான். உடலை அதில் அடக்குகிறான். மேலே மலரும் கண்ணீருமாகப் பொழிகிறான். அதன் பிறகே தன் நிலையைச் சொல்லிப் புலம்புகிறான். மழையின்றி வாடும் பயிர் அவனுக்கு நினைவு வருகிறது, வழிதெரியாத காட்டில் விடப்பட்டவனாகத் தன்னை உணர்கிறான். அவனைத் தேற்ற யாரும் குறுக்கே வரவில்லை. மரமும் மலரும் பறவையும் சேர்ந்து அழுகின்றன.

இறைவாக்கினராகப் போகிற பிள்ளை அழலாமா என்ற கேள்வியே இங்கு எழவில்லை. அழுகையை முழுதாக நடக்கவிட்ட அந்தப் பாடல்களில், முதல் செயல் இன்னொருவருக்கான வேண்டுதலாக அமைந்திருக்கிறது. கருணையன் தனக்காக எதையும் கேட்பதற்கு முன்பே தாய்க்காகக் கேட்டுவிட்டான். துக்கமும் மன்றாட்டும் ஒன்றோடொன்று பின்னியிருக்கும் இந்த அமைப்பு தற்செயலாக வந்தது என்று நான் நினைக்கவில்லை. மரியாளின் துயரத்தைப் பாட அன்னை அழுங்கல் அந்தாதி என்றே தனி நூல் செய்தவர் வீரமாமுனிவர். 1714-15 வாக்கில் அவரே மரண தண்டனையின் விளிம்புவரை போய்த் தப்பியவர்.

6. பரிந்துரை மன்றாட்டு

பிறருக்காக வேண்டும் இந்தப் பரிந்துரை மன்றாட்டைப் பற்றித் தமிழ்க் கிறித்தவர்களுக்குள் பழைய வழக்கு ஒன்று உண்டு. தரங்கம்பாடியில் 1706இல் தொடங்கிய லுத்தரன் மிஷனைச் சேர்ந்தவர்களோடு வீரமாமுனிவர் கடுமையாக வாதாடினார். பேதகம் மறுத்தல் அந்த வாதத்தில் பிறந்த நூல். மாதாவிடமும் புனிதர்களிடமும் பரிந்துரை கேட்கலாமா என்பதில் இரு தரப்பும் இன்றுவரை ஒன்றுபடவில்லை. ஆனால் உயிரோடிருக்கும் விசுவாசிகள் ஒருவருக்காக ஒருவர் மன்றாட வேண்டும் என்பதில் பிளவே கிடையாது. கத்தோலிக்கத் திருப்பலியில் விசுவாசிகள் மன்றாட்டு உண்டு. அதை மீண்டும் நிலைநிறுத்தியது இரண்டாம் வத்திக்கான் சங்கம். சீர்திருத்தச் சபைகளில் ஜெபக் குறிப்புகள் வாசிக்கப்படுகின்றன. பெந்தெகொஸ்தே சபைகளில் ‘திறப்பின் வாசலில் நிற்பது’ என்று ஒரு வழக்கே இருக்கிறது. கோணான்குப்பத்துக்கு இந்துக்களும் நேர்த்திக்கடனோடு வருகிறார்கள். அவர்கள் கேட்பதில் பெரும்பங்கு பிள்ளைக்காக, கணவனுக்காக, தாய் தகப்பனுக்காக.

இறையியலில் கடினமான இடம் கொலோசெயர் 1:24. கிறிஸ்துவின் பாடுகளில் குறைவாயிருப்பதைத் தன் உடலில் நிறைவேற்றுவதாகப் பவுல் அங்கே எழுதுகிறார். சிலுவையில் ஏதோ போதாமை இருந்தது என்று எந்தச் சபையும் இதற்குப் பொருள் கொள்வதில்லை. 1984இல் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட திருமடல் இவ்வசனத்திலிருந்தே தொடங்கி, துன்புறுகிறவர் கிறிஸ்துவின் பணியில் பங்காளி என்று விளக்குகிறது. நோயாளி வெறுமே பரிதாபத்துக்குரியவர் என்ற நிலை இதனால் மாறுகிறது. படுத்த படுக்கையிலும் அவருக்குச் செய்ய வேலை இருக்கிறது.

டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து காயமடைந்தார். 1951இல் இறக்கும்வரை ஏறத்தாழ 20 ஆண்டுகளைப் பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார். அந்த அறையில் அவர் எழுதினார், தம் பிள்ளைகளுக்காக மன்றாடினார். அவர் வலி தீரவில்லை. மன்றாட்டு வலியைத் தீர்க்கும் மருந்து என்று சொல்கிறவர்கள் தம் உடலில் தைத்த முள் என்று பவுல் சொன்ன வேதனையையும் கவனிக்க வேண்டும். மூன்று முறை வேண்டியும் அது எடுக்கப்படவில்லை. ‘விசுவாசம் போதவில்லை’ என்று நோயாளியின் தலையில் இரண்டாவது சுமையை ஏற்றுவது யோபுவின் நண்பர்கள் செய்த அதே தவறு.

7. சபைகளுக்கு

வீடு சந்திக்கப் போகும் பங்குத்தந்தைக்கும் போதகருக்கும் ஜெபக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளியின் கட்டிலருகே போனால் காரணம் சொல்லாதீர்கள். அவர் அழுதால் அழவிடுங்கள். துன்பம் தடுக்கக்கூடியது என்றால் மருத்துவரிடமோ தொழிலாளர் நல அலுவலகத்திடமோ காவல் நிலையத்திடமோ அவரோடு கூடவே போங்கள். அவருக்காக ஜெபித்துவிட்டு எழுந்துவிடாமல், ‘நீங்கள் யாருக்காக வேண்டிக்கொள்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களைக் குறித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டில் அவர் கேட்டதாகவே வாசியுங்கள்.