தேவனாம்பட்டினத்தில் ஒரு செயற்கைக்கோள் ரேடியோ

காரில் செயற்கைக்கோள் ரேடியோன்னா அமெரிக்கச் சமாச்சாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நம்மூரிலும் ஒன்று இருந்தது: வேர்ல்ட்ஸ்பேஸ். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா தொடங்கியது. அதன் ஏசியாஸ்டார் 2000 மார்ச்சில் ஏவப்பட்டு, 105 டிகிரி கிழக்கில் நின்றது. தமிழுக்கு கே.எல். ரேடியோ, கர்நாடக சங்கீதத்துக்கு ஸ்ருதி.

தேவனாம்பட்டினத்திலிருந்து கணக்குப் போட்டால் ஏசியாஸ்டார் கிழக்கே, சற்றுத் தெற்காக, சுமார் 58 டிகிரி உயரத்தில் வரும். அதாவது கடலுக்கு மேலே. மறைக்க மரமோ மாடியோ கிடையாது.

காருக்கென்று தனியாக வாங்கக் காசில்லை. அப்பாவின் வீட்டு ரேடியோவையே எடுத்துப் போனேன். சிகரெட் லைட்டரில் ஒரு மலிவு இன்வெர்ட்டர், கூரைமேல் ஆன்டெனா, பழைய ஸ்டீரியோவுக்கு ஒரு கேசட் அடாப்டர். நின்றால் பாடும், வண்டி திரும்பினால் நின்றுவிடும். ஆன்டெனா ஒரு திசையைத்தான் பார்க்கும். அமெரிக்க நகரங்களில் தரையிலும் ரிப்பீட்டர்கள் வைத்தார்கள்.

2008 அக்டோபரில் நிறுவனம் திவால் மனு போட்டது. 2009 டிசம்பர் 31 இந்தியச் சேவைக்குக் கடைசி நாள். அன்று சாயங்காலம் அப்பாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். ஸ்ருதி ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு வராதாடா?"

"வராதுப்பா."

ஆங்கிலேயர் 1690இல் வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டை பக்கத்தில்தான். அதைப் பற்றி எழுத ஆவணம் ஏராளம். இந்த ரேடியோவுக்கு? உங்கள் வீட்டில் பழைய சானல் அட்டவணை, ரசீது ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.