பத்து மணிக்கு முன் உண்ட சோறு: காலனிய வங்காளத்தில் செரியாமையின் வரலாறு

சமஸ்கிருதத்தின் 'ஜீர்ண' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. பழையது, நைந்தது என்பது ஒன்று. செரித்தது என்பது மற்றொன்று. மூப்படைதலையும் தேய்தலையும் குறிக்கும் ஒரே வினையடியிலிருந்து இரண்டும் பிறந்தன. பழங்கோயிலைப் புதுப்பித்தலைச் சுட்டும் 'ஜீர்ணோத்தாரணம்' என்ற சொல்லிலும், வயிற்றுக் கோளாறைச் சுட்டும் 'அஜீரணம்' என்ற சொல்லிலும் உள்ளது அதே அடிச்சொல்தான். இச்சொல்லமைப்பில் செரித்தல் என்பது காலத்தின் வேலை. உண்ட உணவு வயிற்றுக்குள் மூப்படைய வேண்டும். அதற்குப் பொழுது வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கல்கத்தாவில் படித்த நடுத்தர வர்க்கத்தினர் தமக்குரிய நோயாகவே அஜீரணத்தைக் கருதத் தொடங்கியதன் வரலாற்றை இச்சொல்லிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

1. நூல் வகுத்த ஒழுங்கு

உணவைப் பற்றி ஆயுர்வேத நூல்கள் சொல்வனவற்றுள், எதை உண்பது என்பதற்கு இணையாக எப்படி உண்பது என்பதும் இடம்பெறுகிறது. சரக சம்ஹிதையின் விமானத்தானம் முதல் இயலில் உண்ணும் முறை விரிவாக வகுக்கப்பட்டுள்ளது. சூடாகவும் நெய்ப்புடனும் அளவோடும் உண்ண வேண்டும். முன்பு உண்டது செரித்த பின்னரே உண்ண வேண்டும். உகந்த இடத்தில் அமர வேண்டும். மிக விரைந்தும் உண்ணலாகாது, மிகத் தாமதித்தும் உண்ணலாகாது. பேச்சும் சிரிப்பும் இன்றி உணவிலேயே மனத்தை வைத்து உண்ண வேண்டும். திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை அறிந்தவர்க்கு இவற்றுள் சில புதியன அல்ல.

அடுத்த இயல் இன்னும் நுட்பமான ஒன்றைச் சொல்கிறது. நல்ல உணவை உரிய அளவில் உண்டாலும், கவலை, துயரம், அச்சம், சினம், உறக்கமின்மை ஆகியவற்றால் வாடுபவனுக்கு அது செரிக்காது. இன்று 'கவனத்துடன் உண்ணுதல்' என்ற பெயரில் அறிவுறுத்தப்படும் பழக்கங்கள் பலவற்றின் சாரம் இங்கே இருக்கிறது. எனினும் இவ்விதிகளுக்கு அடியில் சொல்லப்படாத எடுகோள் ஒன்று உண்டு. உண்பவன் தன் பொழுதுக்குத் தானே உரியவன். பசி வரும்வரை காத்திருக்கவும், அமர்ந்து உண்ணவும், உண்டபின் ஓய்ந்திருக்கவும் அவனால் முடியும்.

2. கடிகாரமும் கேரானியும்

இவ்வெடுகோள் பொய்த்துப்போன இடங்களுள் ஒன்று கல்கத்தா. அரசுப் பணி நியமனங்களில் ஆங்கிலக் கல்வி பெற்றவர்க்கு முன்னுரிமை தரும் ஆணையை 1844-இல் ஹார்டிஞ்ச் பிறப்பித்தார். அரசு அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்தர் வேலையே படித்த வங்காளியின் முதன்மைப் பிழைப்பாக மாறியது. எழுத்தரை வங்காளியில் 'கேரானி' என்பர்; சம்பள வேலையைச் 'சாக்ரி' என்பர். சேவகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்வழி வந்த இப்பெயரிலேயே அடிமைத்தனத்தின் சாயல் இருப்பதாக அக்காலத்தவர் மனங்குமைந்தனர். சாக்ரியின் இழிவில் கடிகாரத்தின் ஆட்சிக்குப் பெரும்பங்கு இருந்ததை வரலாற்றாசிரியர் சுமித் சர்க்கார் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

1854 ஆகஸ்டு 15-ஆம் நாள் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு இரயில் ஓடத் தொடங்கியது. அடுத்துவந்த பதிற்றாண்டுகளில், சுற்றுவட்டார ஊர்களில் குடியிருந்து நாள்தோறும் நகரத்துக்கு வந்துபோகும் கூட்டம் உருவாயிற்று. 'டெய்லி பாசஞ்சர்' என்பது வங்காளிச் சொல்லாகவே ஆனது. இவர்களுக்குக் கடிகாரங்களும் இரண்டு. 1906-இல் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வருமுன், இரயில்கள் பெரும்பாலும் சென்னை வானாய்வகத்தின் நேரப்படி ஓடின. அலுவலகங்கள் கல்கத்தாவின் உள்ளூர் நேரப்படி இயங்கின. இரண்டுக்கும் இடையே சுமார் 33 நிமிட வேறுபாடு. காலை உணவு இவ்விரு கடிகாரங்களுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது.

இந்நிலையை மொழி உடனே பதிவு செய்தது. பத்து மணி அலுவலகத்துக்காக விடியலில் வடிக்கும் சோற்றுக்கு 'அலுவலகச் சோறு' என்ற பெயர் வங்காளியில் உண்டு. அதை உண்ணும் விதத்துக்கும் மரபுத்தொடர் உண்டு: மூக்கிலும் வாயிலுமாகத் திணித்துக்கொண்டு ஓடுவது. அதாவது, சரக சம்ஹிதை விலக்கிய ஒவ்வொன்றும் அந்த ஒரு வேளைச் சோற்றில் நிகழ்ந்தது. பசிக்கும் முன் உணவு, விரைவு, தாமதம் குறித்த அச்சம், உண்டவுடன் ஓட்டம். அதன்பின் மாலைவரை நாற்காலி.

கோளாறுக்கான சொற்களும் பெருகின. சமஸ்கிருத 'அஜீர்ண' இருந்தது. செரித்தலைக் குறிக்க அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்த 'ஹஜம்' இருந்தது. ஆங்கில 'டிஸ்பெப்சியா' வங்காளி எழுத்திலேயே எழுதப்பட்டது. புளிப்பான ஒரு கறிவகையைக் குறித்த 'ஒம்பல்' என்ற சொல் புளியேப்பத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் பெயரானது. இலையின் ஓரத்தில் இருந்த சொல் நோயாளியின் வாய்க்குச் சென்றது.

3. யார் மீது குற்றம்?

நோய்க்குக் காரணம் தேடியவர்கள் பெரும்பாலும் கடிகாரத்தைக் காணவில்லை. உடலையும் இலையையும் மட்டுமே கண்டனர். வாரன் ஹேஸ்டிங்ஸைப் பற்றிய 1841-ஆம் ஆண்டுக் கட்டுரையில் மெக்காலே வங்காளியின் உடலை வலுவற்றதாகவும் ஆண்மையற்றதாகவும் தீட்டினார். ஈரமான தட்பவெப்பமே அதற்குக் காரணம் என்பது அச்சித்திரத்தின் உட்கிடை. எழுபது ஆண்டுகளுக்குப் பின் அதே கருத்து ஆய்வகத்தின் மொழியைப் பெற்றது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் பேராசிரியர் டேவிட் மக்கே வங்காளச் சிறைகளின் உணவுமுறையை ஆராய்ந்து, 1912-இல் புரதம் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அரிசியை மிகுதியாகவும் புரதத்தைக் குறைவாகவும் கொண்ட உணவே வங்காளியின் உடற்குறைக்கு மூலம் என்பது அவர் முடிவு.

உள்நாட்டுச் சிந்தனையாளரும் இலையைத்தான் நோக்கினர். 1899-இல் தொடங்கிய 'உத்போதன்' இதழில் வெளிவந்த 'பிராச்ய ஓ பாஸ்சாத்ய' என்னும் தம் வங்காளி உரைநடையில் விவேகானந்தர் நகரத்தாரின் அஜீரணத்தைக் கடிந்து பேசினார். கடைகளில் விற்கும் வறுத்த பலகாரங்களும் இனிப்புகளும் உழைப்பற்ற உடலும் அவர் கண்ட காரணங்கள். வேறு சிலர் வீட்டுப் பெண்களைச் சாடினர். நாவல் படிக்கும் புதிய மனைவி அடுக்களையைச் சமையற்காரரிடம் விட்டுவிட்டாள். ஆகவே கணவனின் வயிறு கெட்டது என்பது அக்கால இதழ்களில் மீண்டும் மீண்டும் ஒலித்த குற்றச்சாட்டு. வெள்ளையர் ஆட்சி இனத்தைக் குறை கூறியது. சீர்திருத்தக்காரர் நாவைக் குறை கூறினர். பழைமைவாதியர் மனைவியைக் குறை கூறினர். அலுவலக மணியைக் குறை கூறியவர் அரிது.

4. மேற்கின் தண்ணீர்

நோயாளிகள் தாமாகக் கண்ட தீர்வு 'ஹாவா பதல்', அதாவது காற்று மாற்றம். துர்க்கை பூசை விடுமுறையில் கல்கத்தாக் குடும்பங்கள் இரயிலேறி மதுபூர், கிரிடி, தேவ்கர், சிமுல்தலா போன்ற ஊர்களுக்குச் சென்றன. இன்றைய ஜார்க்கண்டிலும் அதையொட்டிய பீகாரிலும் உள்ள இவ்வறண்ட மேட்டுநிலத்தை அவர்கள் 'மேற்கு' என்றே அழைத்தனர். கல்லையும் செரிக்கவைக்கும் என்று அங்குள்ள கிணற்றுத் தண்ணீரைப் போற்றினர். சந்தையில் கோழியும் முட்டையும் விலை மலிவாயிருக்கக் கண்டு ஆங்கிலத்தில் 'டாம் சீப்' என்று வியந்ததால், உள்ளூர் மக்கள் இவர்களுக்கு 'டாஞ்சி பாபு' என்று பெயரிட்டனர் என்பது இன்றும் வழங்கும் கதை.

அத்தண்ணீரின் புகழை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டியதில்லை. சதுப்பு நிலத்து நகரத்தின் நீரைவிட அது தூயதாக இருந்திருக்கலாம். ஆனால் அங்கே மாறியது தண்ணீர் மட்டுமன்று. காலையில் நீண்ட நடை இருந்தது. பசித்தபின் உணவு இருந்தது. உண்டபின் எங்கும் ஓட வேண்டியதில்லை. விடுமுறை முடிந்து ஹவுராவில் இறங்கியதும் ஒம்பல் திரும்பியதற்கு இவ்விளக்கமே பொருந்தும்.

5. ஓமத்தண்ணீரும் ஓர் ஒழுங்கும்

இவ்வரலாற்றின் இரு முகங்களும் ஒருவர் வாழ்வில் சந்திக்கின்றன. வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் 1861-இல் பிறந்தவர். 1874-இல், ஹேர் பள்ளி மாணவராக இருந்தபோது, கடும் வயிற்றுக்கடுப்பு அவரைத் தாக்கியது. பள்ளிப்படிப்பு சுமார் இரண்டாண்டுகள் தடைப்பட்டது. அஜீரணமும் உறக்கமின்மையும் வாழ்நாள் துணையாயின. நோய்க்காலத்தில் தந்தையின் நூலகத்தில் மூழ்கிக் கிடந்ததைத் தம் தன்வரலாற்றில் அவர் நன்றியுடன் நினைவுகூர்கிறார். பின்னர் எளிய உணவு, தவறாத நேரம், மாலையில் மைதானத்தில் உலாவல் என்று ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டு 82 வயது வரை வாழ்ந்தார்.

அவர் 1892-இல் தொடங்கிய பெங்கால் கெமிக்கல் நிறுவனத்தின் புகழ்பெற்ற தயாரிப்புகளுள் ஒன்று 'அக்வா டைகோடிஸ்'. தமிழ் வீடுகள் அறிந்த ஓம வாட்டருக்கு உறவானது அது. சீசாவின் மேல் இலத்தீன் பெயர் இருந்தது. மக்கள் வாயிலோ அது 'ஜோவானேர் ஆரக்'. 'ஜோவான்' என்ற ஓமத்தின் பெயர் சமஸ்கிருத 'யவானி'யின் வழி வந்தது. வடிநீரைக் குறிக்கும் 'ஆரக்' அரபிச் சொல். செரியாமையை ஒட்டி எழுந்த சந்தையில் ஒரு சுதேசித் தொழில் காலூன்றியது. அதே ராய், வங்காள இளைஞரின் எழுத்தர் வேலை மோகத்தை இடைவிடாது கண்டித்தார்; வணிகத்துக்கும் தொழிலுக்கும் வருமாறு அழைத்தார். தேநீருக்கு எதிராகவும் எழுதினார். சத்துணவுக்கு வழியற்றவர் தேநீரால் பசியைக் கொல்வது அவரை வருத்தியது. மருந்தை விற்றவரே நோயின் வேர் வேலைமுறையில் இருப்பதை மற்றவரைவிட அருகில் சென்று கண்டார் எனலாம்.

ஆயினும் ராயின் ஒழுங்கை எல்லார்க்கும் உரிய முன்மாதிரியாகக் காட்டுவதில் ஒரு தடை உண்டு. அவர் மணம் செய்துகொள்ளாதவர்; கல்லூரிப் பேராசிரியர்; 1916 முதல் அறிவியல் கல்லூரியின் ஓர் அறையிலேயே வாழ்ந்தவர். அவருடைய மாலைகள் அவருடையவை. மாலை இரயிலைப் பிடிக்க ஓடும் கேரானிக்கு மைதானம் வெறும் காட்சி.

6. கடைசியாக உண்டவர்

கேரானிக்காவது தன் நோய்க்கு ஒரு பெயரும், ஒரு சீசா மருந்தும், ஓர் ஆண்டு விடுமுறையும் கிடைத்தன. அலுவலகச் சோற்றை வடிக்க அவனுக்கு முன்பே எழுந்த பெண், எல்லாரும் உண்டபின் ஆறிய சோற்றுக்கு முன் அமர்ந்தாள். அவள் வயிற்றைப் பற்றிய பேச்சு நலவாழ்வு நூல்களில் அருகியே காணப்படுகிறது. உணவைப் பரிமாறுபவளாகவே அவள் அவற்றில் வருகிறாள். இதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த, நிலவுடைமைக் குடும்பத்து ராஸசுந்தரி தேவி, வங்காளியின் முதல் தன்வரலாறாகக் கருதப்படும் 'ஆமார் ஜீபன்' நூலில், உணவுக்குக் குறைவற்ற வீட்டில் வேலையாலும் விருந்தாலும் குழந்தைகளாலும் தாம் உண்ண முடியாமல் போன நாள்களை எழுதியிருக்கிறார். குறை சொல்லும் குரலில் அவர் அதை எழுதவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லிச் செல்கிறார். கடிகாரம் வீட்டுக்குள் வருமுன்பே அவருடைய பொழுது அவருடையதாக இல்லை.

மென்று உண்க, அமர்ந்து உண்க, நேரத்துக்கு உண்க, உண்டபின் சற்று நடக்க. இவ்வறிவுரைகளில் பிழையில்லை, இவற்றுட் சில ஈராயிரம் ஆண்டுகளுக்கு அணித்தாக நிலைத்து நிற்பவை. ஆனால் இவற்றைத் தனிமனிதப் பழக்கம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கும்போது, பழக்கத்துக்குத் தேவையான பொழுது யாரிடம் இருக்கிறது என்ற வினா மறைந்துபோகிறது. கல்கத்தாவின் அஜீரணத்தை ஆராய்ந்தவர்கள் அரிசியை நிறுத்தார்கள், புரதத்தை அளந்தார்கள், நெய்யையும் எண்ணெயையும் விசாரித்தார்கள். உண்பதற்குக் கிடைத்த நிமிடங்களை எண்ணியவர் மிகச் சிலரே. இன்றைய உணவு இடைவேளைகளையும் இரவுப் பணிகளையும், அடுக்களையில் நின்றபடியே உண்டு முடிப்பவர்களையும் ஆராயப் புகும் எவரும் தொடங்க வேண்டிய இடம், அவர்கள் எண்ணாமல் விட்ட அந்த நிமிடங்களே.