வில்வண்டியும் பொருத்துக்கூலியும்

சக்கரத்தின் மீது மனிதன் ஏறிய நாள் முதலாகக் குலுக்கமும் அவனோடு கூடவே ஏறிக்கொண்டது. கட்டைவண்டியிலே நெடுந்தூரம் சென்றவர்களின் முதுகெலும்பே அதற்குச் சாட்சி. இக்குலுக்கத்தைத் தணிக்கும்பொருட்டு, அச்சுக்கும் தட்டுக்கும் இடையிலே எஃகுப் பட்டைகளை வில்போல வளைத்து அடுக்கிய வண்டியைத் தமிழர் வில்வண்டி என்றனர். இங்கிலாந்திலே ஒபதையா எலியட் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோச்சு வண்டிகளுக்கு இத்தகைய வில்லை அமைத்து உரிமைப் பட்டயம் பெற்றார்.

அக்காலத்தில் வில்லை அடித்தவன் கொல்லன். வண்டியிற் பொருத்தியவனும் அவனே. பொருளின் விலையும் பொருத்தும் கூலியும் ஒரே தொகையாயிருந்தன. பிற்காலத்தில் பொருள் ஓரிடத்திலும் பொருத்துபவன் வேறோரிடத்திலுமாகப் பிரிந்தபோதுதான், கூலி எவ்வளவு என்ற கேள்வி எழுந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மோட்டார் கராஜின் வாயிலிலே இன்றும் கேட்கும் கேள்வி அதுவேயாகும்.

இலங்கைக்கு முதல் மோட்டார் வண்டி 1902ஆம் ஆண்டில் வந்தது. அதனைக் கொணர்ந்தவர் எட்கர் மணி என்னும் ஆங்கிலேயர். இரண்டாண்டுகளின் பின், 1904இல், மோட்டார் வண்டி உடையோர் தமக்கெனச் சங்கமும் அமைத்தனர். வண்டியும் அதன் உறுப்புகளும் கப்பலிலே வந்தன. பழுது பார்ப்பவனோ உள்ளூர்க் கைவினைஞன். அவனுக்குக் கொழும்பு வழங்கிய பெயர் ‘பாஸ்’ என்பது. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற அச்சொல் சிங்களத்திலும் தமிழிலும் ஒருங்கே நிலைத்தது.

கூலியை வரையறை செய்ய மேலைநாட்டார் முயன்ற வரலாறும் உண்டு. அமெரிக்காவிலே போர்ட் நிறுவனம், தன் முகவர் பட்டறைகளில் ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம், இவ்வளவு கூலி என்று முன்கூட்டியே அட்டவணை வகுக்க முற்பட்டது. புதிய வண்டிக்கு அவ்வட்டவணை பொருந்திற்று. ஆனால் பழைய வண்டியின் துருப்பிடித்த ஆணி அட்டவணையைப் படிப்பதில்லை. அரை மணியிற் கழல வேண்டிய ஆணி இரண்டு மணி நேரம் பிடிவாதம் செய்தால், அந்த ஒன்றரை மணியின் கூலியை யார் கொடுப்பது? கடற்காற்றின் உப்பு எஃகை அரிக்கும் வெள்ளவத்தை போன்ற இடங்களில் இது வெறும் கற்பனை வினா அன்று.

1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த மொரிஸ் மைனர் இலங்கையின் நடுத்தரக் குடும்பங்களுக்கு உற்ற வண்டியாயிற்று. அலெக் இசிகோனிஸ் வகுத்த அவ்வண்டியின் முன்புறத்தில் முறுகித் தாங்கும் எஃகுத் தண்டும், பின்புறத்தில் பழைய வில்வண்டியின் வழிவந்த பட்டைவில்லும் இருந்தன. வில் மட்டும் இருந்தால் வண்டி பந்துபோலத் துள்ளும். அத்துள்ளலை அடக்குவது ஷொக் அப்சோர்பர். அதனுள் எண்ணெய் சிறு துளைகளினூடே நெருங்கிச் செல்ல, அசைவு வெப்பமாக மாறி அடங்குகிறது.

மொரிஸ் மைனருக்கு முதலில் அமைந்தது நெம்புகோல் வகையான ஷொக் அப்சோர்பர். அது தேய்ந்தபின், குழாய் வடிவான புதுவகையை வேறு உற்பத்தியாளரிடம் வாங்கிப் பொருத்துவோர் பலராயினர். இங்கேதான் கூலியின் நுட்பம் விளங்குகிறது. முன்சக்கரத்தில் பழைய உறுப்பே சக்கரத்தை மேலிருந்து தாங்கும் கையாகவும் இருப்பதால், அதனை அகற்றிவிட இயலாது. அதை இருத்திக்கொண்டே, புதியதற்கெனத் தாங்கு தகடுகளையும் அமைக்க வேண்டும். பொருளின் விலையை மட்டும் பார்த்து வந்தவர், இந்த வேலையின் கூலியைக் கேட்டுத் திகைத்ததில் வியப்பில்லை.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி சுருங்கிற்று. புதிய உறுப்பு அரிதாகவே, பழைய உறுப்பைப் புதுப்பிக்கும் கைத்திறன் ஓங்கிற்று. சோர்ந்த பட்டைவில்லைக் கழற்றி, காய்ச்சி, வளைத்து, மீண்டும் பதமூட்டிப் பொருத்தினர். மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை உதிரிப்பாகச் சந்தையாகப் பெயர் பெற்றது. இத்திறன் வீண்போகவில்லை. 1990களில் மொரிஸ் மைனருக்கான உறுப்புகள் இலங்கையிலே செய்யப்பட்டு, அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் ஜப்பானிய வண்டிகள் பெருகின. அவற்றுட் பலவற்றில் சுருள்வில்லும் ஷொக் அப்சோர்பரும் ஒரே தூணாக இணைந்திருந்தன. அத்தூணைப் பிரிக்கும்போது அமுங்கியிருக்கும் வில் தவறித் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கென அமுக்கும் கருவி வேண்டும்; பொருத்தியபின் சக்கரங்களின் கோணத்தை நேர்செய்யவும் வேண்டும். கருவியின் விலையும் கூலியிலே சேர்ந்தது.

1983ஆம் ஆண்டு ஜூலை வன்செயல்களில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. கடை எரியும்போது பொருள் மட்டும் எரிவதில்லை. நம்பிக்கையின் பேரில் எழுதிவைத்த கடன் கணக்கும் எரிகிறது. நாணயத்தை முதலாகக் கொண்ட தொழிலுக்கு அதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2025இலேதான் சொந்தக் கார்களுக்கு வழி திறந்தது. இடையில், 2022ஆம் ஆண்டின் சில மாதங்களிலே டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவாயிற்று. 50 டொலர் பெறுமதியான ஷொக் அப்சோர்பர் 10,000 ரூபாவிலிருந்து 18,000 ரூபாவாகிவிடும். ஆனால் அதனைப் பொருத்தும் நேரம் ஒரு நிமிடமேனும் கூடுவதில்லை. ஆகவே பொருளின் விலையிலே இத்தனை விழுக்காடு கூலி என்று கணக்கிடுவது வாங்குவோனுக்கு அநீதி. அரிசியும் மின்சாரமும் ஏறியபின்னும் பழைய கூலியையே பெறுக என்பது பாஸுக்கு அநீதி.

1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளிக்குரிய குறைந்த சம்பளத்தை வகுக்க வழிசெய்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை நிறுவியது. எனினும், குறித்த வேலைக்கு உரிய கூலி இதுவென்று சட்டம் ஒவ்வொரு கராஜுக்கும் வந்து சொல்லப்போவதில்லை. அதனைச் சொல்ல வேண்டியது பற்றுச்சீட்டே.

நேர்மையான பற்றுச்சீட்டில் மூன்று வரிகள் தனித்தனியே நிற்கும். முதலாவது பொருள், இரண்டாவது நேரம், மூன்றாவது பொறுப்பு. உடையவர் தாமே சந்தையில் வாங்கிவந்த உறுப்பு ஒரு திங்களில் எண்ணெய் கசிந்தால், பொருத்தியவன் பொறுப்பாளியா, விற்றவன் பொறுப்பாளியா என்பது ஆணியைக் கழற்றுமுன் பேசித் தீர்க்க வேண்டியது. ஆணி பிடிவாதம் செய்தால் மேலதிகக் கூலி எவ்வளவு என்பதும் அப்போதே பேசத்தக்கது.

கொல்லன் காலத்தில் விலையும் கூலியும் ஒன்றாயிருந்தும் வழக்கு எழாதிருந்தது. ஏனெனில் செய்தவனும் பொருத்தியவனும் பொறுப்பேற்றவனும் ஒருவனே. இன்று அம்மூவரும் வெவ்வேறு தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களை மீண்டும் ஓரிடத்திற் சேர்ப்பது, மசி படிந்த கையால் எழுதப்பட்டாலும் மறைக்காமல் எழுதப்பட்ட சிறு சீட்டு ஒன்றேயாகும்.