இரண்டாம் இடமும் ஒரு மஞ்சள் சட்டையும்

1980 ஜூலை. பிரான்சின் தென்மேற்கிலுள்ள போ நகரில் இரவோடு இரவாக ஒரு செய்தி பரவியது. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முன்னணியில் இருந்த பெர்னார் இனோ, முழங்கால் வலியால் போட்டியிலிருந்து விலகிவிட்டார். முதலிடம் நெதர்லாந்தின் யோப் ஸூட்டமெல்க்கிடம் வந்தது. ஆனால் மறுநாள் காலை முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையை அணிய அவர் மறுத்துவிட்டார்.

இத்தனைக்கும் அந்தச் சட்டைக்காகப் பத்து வருடங்களாக சைக்கிள் மிதித்தவர் அவர். ரைப்வெட்டரிங் என்ற சிற்றூரில் வளர்ந்து, தச்சுவேலை கற்று, பனிச்சறுக்கு ஓட்டத்திலிருந்து சைக்கிளுக்கு மாறியவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அணிப் பந்தயத்தில் தங்கம் வென்றார். 1970-இல் முதல் டூரிலேயே எடி மெர்க்ஸுக்கு அடுத்த இடம். மறு ஆண்டும் அதே இடம். 1976, 1978, 1979 என்று அது தொடர்ந்தது. மெர்க்ஸின் பின்சக்கரத்தைவிட்டு நகராதவர் என்று பத்திரிகைகள் கேலி செய்தன.

அந்தக் கேலி 1974-ஐ மறந்துவிட்டது. மிடி லீப்ர் பந்தயத்தில் சாலையோரம் நின்ற காரில் மோதி அவரது மண்டையோடு உடைந்தது. பின்னாலேயே மூளைக்காய்ச்சலும் வந்தது. உயிர் பிழைப்பாரா என்றிருந்தவர் 1975-இல் பாரிஸ்–நீஸ் பந்தயத்தை வென்று, டூரில் நான்காவதாக வந்தார்.

டூரின்போது நெதர்லாந்து ரசிகர்களின் கூட்டத்தைப் பார்க்க ஆல்ப் துவேஸ் மலைக்குத்தான் போக வேண்டும். 21 வளைவுகள் கொண்ட அந்த ஏற்றத்தில் வென்ற முதல் டச்சுக்காரர் ஸூட்டமெல்க். 1976-இல் வென்று, 1979-இல் மறுபடியும் வென்றார். சக நாட்டவரான ஹென்னி கைப்பரும் அங்கே வெல்ல, மலைக்கு டச்சு மலை என்றே பெயராயிற்று. ஆரஞ்சு உடையணிந்த கூட்டம் இன்றும் ஏழாம் வளைவை அடைத்துக்கொள்கிறது.

களங்கமும் உண்டு. 1979 டூரில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி, பத்து நிமிட தண்டனை பெற்றார். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது முறையல்ல.

ஆனால் 1980 வெற்றியை இனோவின் முழங்கால் கொடுத்த தானமாகச் சொல்வதை ஏற்க முடியாது. இனோ விலகுவதற்கு முந்தைய நாள்களில் நடந்த தனிநபர் நேரப் பந்தயத்தில் அவரையே ஸூட்டமெல்க் முந்தியிருந்தார்; கடைசி நேரப் பந்தயத்தையும் வென்றார். பாரிஸில் இரண்டாவதாக வந்த கைப்பருக்கும் அவருக்கும் ஏறத்தாழ ஏழு நிமிட இடைவெளி. மூன்று வாரமும் உடம்பு தாங்குவது அந்தப் பந்தயத்தின் பாதி.

சந்தேகம் மிச்சமிருந்தவர்களுக்கு 1985 பதில் சொன்னது. இத்தாலியின் ஜாவேரா தெல் மொந்தெல்லோவில் உலகப் பட்டப் போட்டி. அவருக்கு வயது 38. கடைசிக் கட்டத்தில் முன்னணிக் கூட்டத்திலிருந்து தனியே பாய்ந்தார். யார் துரத்துவது என்று மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, கிரெக் லெமாண்டை இரண்டாமிடத்துக்குத் தள்ளி அவர் கோட்டைக் கடந்தார். அவ்வளவு வயதில் அப்பட்டத்தை வென்ற ஆண் வேறொருவர் இல்லை. 1987-இல், 40 வயதில், சொந்த நாட்டின் ஆம்ஸ்டெல் கோல்ட் பந்தயத்தை வென்று, அந்த ஆண்டே ஓய்வு பெற்றார்.

அவர் தொடங்கிய டூர்கள் 16, முடித்ததும் 16. அவருக்குப் பின் நெதர்லாந்து ஆண்கள் எவரும் டூரை வென்றதில்லை. ரைப்வெட்டரிங்கில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.