டிக்கெட் வாங்கிப் பறந்த கடிகாரங்கள்

1971 அக்டோபர் 4 அன்று வாஷிங்டனிலிருந்து கிழக்கே கிளம்பிய பயணிகள் விமானத்தில் 'மிஸ்டர் க்ளாக்' என்ற பெயரில் இரண்டு இருக்கைகள் பதிவாகியிருந்தன. அந்தப் பெயரில் பயணம் செய்தவை நான்கு சீசியம் அணுக் கடிகாரங்கள். துணைக்கு இருவர்: இயற்பியலாளர் ஜோசப் ஹாஃபெலே, அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் வானியலாளர் ரிச்சர்ட் கீட்டிங். மொத்தச் செலவு சுமார் 8,000 டாலர்; அதில் 7,600 டாலர் விமானக் கட்டணத்துக்கே போயிற்று. ஐன்ஸ்டைனை இவ்வளவு மலிவாகச் சோதித்தவர்கள் குறைவு.

'எல்லாம் சார்புதானே, அவரவர் பார்வைக்கு அவரவர் உண்மை' என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு அதற்கு ஐன்ஸ்டைனைச் சாட்சிக்கு அழைப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். அவர் சொன்னது ஏறக்குறைய நேர்மாறானது. யார் அளந்தாலும் வெற்றிடத்தில் ஒளியின் வேகம் ஒன்றே. இயற்கை விதிகளும் எல்லோருக்கும் ஒன்றே. இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டால், விட்டுக்கொடுக்க வேண்டியது காலம். வேகமாக நகரும் கடிகாரம் மெதுவாக ஓடும். ஈர்ப்பு குறைந்த உயரத்தில் இருப்பது விரைவாக ஓடும். எவ்வளவு என்பதைக் கிளம்பும் முன்பே கணக்குப் போட்டுவிடலாம்.

கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. வாஷிங்டனில் அசையாமல் இருப்பதாக நாம் நினைக்கும் கடிகாரமும் பூமியோடு சேர்ந்து கிழக்கே மணிக்குச் சுமார் 1,300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கிழக்கே போகும் விமானம் அந்த வேகத்தோடு தன் வேகத்தையும் சேர்த்துக்கொள்கிறது. மேற்கே போகும் விமானத்துக்கோ அது கழிந்துபோகிறது. ஆகவே தரைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டால் கிழக்கே போனது 40 நானோ நொடி பின்தங்க வேண்டும், மேற்கே போனது 275 நானோ நொடி முந்த வேண்டும். பிழைக்கு இடம் இருபது சொச்சம். ஒரு நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்குள் ஒளியே 30 சென்டிமீட்டர்தான் போகும்.

உலகைச் சுற்றி வந்த கிழக்குப் பயணம் 65 மணி நேரம். அதில் வானில் கழிந்தது 41. நடுவே இறங்கி, விமானம் மாறி, மறுபடி ஏறி என்று சாதாரணப் பயணிக்குள்ள அத்தனை அலைச்சலும் கடிகாரங்களுக்கும் உண்டு. அணுக் கடிகாரம் என்றாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம். வழியிலேயே நடை மாறிவிடும். நான்கைக் கொண்டுபோனது இதற்காகத்தான்: ஒன்று தடம் மாறினால் மற்ற மூன்றும் காட்டிக்கொடுத்துவிடும். திரும்பி வந்ததும் வானாய்வகத்தின் நேரத்தோடு ஒப்பிட்டார்கள். 57, 74, 55, 51 நானோ நொடி என நான்குமே பின்தங்கியிருந்தன, சராசரி 59.

அக்டோபர் 13-இல் மேற்குப் பயணம். இம்முறை 277, 284, 266, 266, நான்குமே முந்தியிருந்தன. சராசரி 273. கணித்த 275-க்கு இரண்டே குறைவு.

1972 ஜூலையில் 'சயின்ஸ்' இதழில் முடிவுகள் வெளிவந்தன. கடிகாரங்களின் நடைமாற்றத்தைத் திருத்திய முறையைக் குறை சொன்னவர்கள் பின்னாளில் இருந்தார்கள். அது நியாயமான கேள்விதான். வெள்ளோட்டம் என்ற அளவிலேயே நான் இதை மதிக்கிறேன். 1996-இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம் மேம்பட்ட கடிகாரம் ஒன்றை லண்டனிலிருந்து வாஷிங்டனுக்குக் கொண்டுபோய்த் திரும்பியது. கணித்தது 39.8 நானோ நொடி, அளந்தது 39.0.

ஆக, கடிகாரத்துக்குக் கடிகாரம் நேரம் மாறியது உண்மை. ஆனால் கிழக்கே போனது எவ்வளவு பின்தங்கும் என்பதில் யாருடைய அபிப்பிராயத்துக்கும் இடமில்லை. தரையில் நின்றவரும் விமானத்தில் இருந்தவரும் ஒரே கணக்கைப் போட்டு ஒரே விடைக்குத்தான் வர வேண்டும்.

இன்று அந்தக் கணக்கு நம் சட்டைப்பையில் இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் உயரத்தால் நாளுக்குச் சுமார் 45 மைக்ரோ நொடி முந்தும், வேகத்தால் 7 பின்தங்கும், நிகரம் 38. கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேரும். அதனால் அந்தக் கடிகாரங்களை ஏவுவதற்கு முன்பே, தரையிலேயே, அந்த அளவு மெதுவாக ஓடும்படி அமைத்து அனுப்புகிறார்கள்.