ஓபிர் சாலைக் கோவிலும் ஒரு கிண்ணம் இரசமும்

பீடச் சிறுவராக நின்றவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். பூசைக்கு முன்னால், பீடத்துக்குப் பக்கத்துச் சிறுமேசையில் இரண்டு கண்ணாடிக் குப்பிகள் இருக்கும். ஒன்றில் தண்ணீர், மற்றதில் திராட்சை இரசம். வெள்ளை இரசமாக இருந்துவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். குருவானவர் கை நீட்டும் நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவோமோ என்று உள்ளங்கை வியர்க்கும். இந்தத் தடுமாற்றம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதில்லை. லத்தீனில் இரசம் ‘வீனும்’, தண்ணீர் ‘ஆக்குவா’. அந்தச் சொற்களின் முதலெழுத்தைக் குப்பி மூடியில் பொறித்துவைப்பது பழைய வழக்கம். பெரியவர்களும் குழம்பியிருக்கிறார்கள் என்பதற்கு அந்த மூடிகளே சாட்சி.

சிங்கப்பூர் ஓபிர் சாலையில் இருக்கும் நம் லூர்து அன்னை ஆலயத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கோபுரத்திலிருந்து தொடங்குவார்கள். நான் அந்தக் குப்பியிலிருந்து தொடங்குகிறேன். இங்கே சபை மாறியது, மொழி மாறியது, சுற்றியிருந்த ஊரே மாறியது. குப்பிக்குள் என்ன இருக்கலாம் என்ற விதி மட்டும் மாறவில்லை.

கல் நாட்டிய கதை

1880களின் நடுப்பகுதிவரை சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று தனிக் கோவில் கிடையாது. குவீன் ஸ்திரீட்டில் 1870இல் கட்டி முடிந்த புனித பேதுரு பவுல் ஆலயத்தில் சீனரும் தமிழரும் ஒரே கூரையின்கீழ் பூசை கண்டார்கள். இரு தரப்பிலும் ஆட்கள் பெருகப் பெருக இடம் போதவில்லை. தமிழருக்கான பணியைப் பார்த்துவந்தவர் பிரெஞ்சுக்காரரான மெனுவ்ரியே பாதிரியார். அவர் சேர்ந்திருந்த பாரிஸ் வெளிநாட்டு மறைபணிச் சபை 1776 முதலே புதுச்சேரியில் வேரூன்றியிருந்தது. எனவே பிரெஞ்சுக் குருவின் வாயில் தமிழ் வருவது நம் முன்னோருக்குப் புதுமையாக இருந்திருக்காது.

ஓபிர் சாலையில் அரசாங்கம் நிலம் கொடுத்தது. அப்போதைய ஆளுநர் சர் ஃபிரெடரிக் வெல்டும் கத்தோலிக்கர்தான். 1886 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஆயர் எட்வார்ட் காஸ்னியே அடிக்கல் நாட்டினார். ‘ஸ்வான் அண்ட் லெர்மிட்’ நிறுவனம் கட்டட வேலையை ஏற்றது. பிரான்சின் லூர்து நகரப் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டு, கூர்மாடத்தோடு கோதிக் பாணியில் 1888இல் கோவில் எழுந்தது. லூர்து குகையில் மாதா காட்சி கொடுத்தது 1858இல். முப்பது ஆண்டுக்குள் அந்தப் பெயர் கடல் தாண்டி ரோச்சோர் கரைக்கு வந்துவிட்டது.

ஒவ்வொரு மொழியினருக்கும் ஒரு கோவில் என்பது அந்தக் காலத்து மறைபணியின் ஏற்பாடு. கண்டோனியருக்கு டேங்க் ரோட்டில் திரு இருதய ஆலயம் 1910இல் வந்தது. ஹொக்கியர்களுக்குப் புனித தெரேசா ஆலயம் 1929இல் வந்தது. தமிழருக்கு ஓபிர் சாலை. 2005 ஜனவரி 14ஆம் தேதி நம் கோவில் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இரசத்துக்கு ஒரு சட்டம்

கிண்ணத்துக்குள் போவது எது என்பதில் திருச்சபை மிகவும் கறார். 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும், அதன் இடத்தில் வந்த 1983ஆம் ஆண்டுத் தொகுப்பும் ஒரே விதியைத்தான் சொல்கின்றன. இரசம் இயற்கையானதாக இருக்க வேண்டும், திராட்சைக் கனியிலிருந்து வந்திருக்க வேண்டும், கெட்டுப்போயிருக்கக் கூடாது. 2004இல் ரோமிலிருந்து வந்த அறிவுரை இன்னும் ஒரு படி மேலே போய், எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரியாத இரசத்தை அறவே தொடாதே என்றது. வேறு பொருள் எதுவும் கலக்கக் கூடாது. பூசையின்போது குருவானவர் விடும் சில துளித் தண்ணீர் மட்டும் இதற்கு விலக்கு.

‘கெட்டுப்போகக் கூடாது’ என்ற சொல்லின் கனம் சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு உடனே புரியும். இங்கே காலையில் வைத்த சாம்பார் மாலைக்குள் நுரைத்துவிடும். திறந்த புட்டியில் காற்று பட்டு, வெப்பமும் சேர்ந்தால் இரசம் புளித்துக் காடியாகிவிடும். காடியாகிவிட்டால் அது பீடத்துக்கு ஆகாது. இதற்கு ரோம் ஒரு வழி விட்டிருந்தது. திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தைக் கொஞ்சம் சேர்த்து, மொத்த வீரியம் 18 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் இரசம் நெடுநாள் தாங்கும். அப்போதும் சேர்ப்பது திராட்சையின் பிள்ளையாகவே இருக்க வேண்டும். கரும்போ தென்னையோ உள்ளே வரக் கூடாது.

நிறத்தைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. சிவப்பும் செல்லும், வெள்ளையும் செல்லும். லத்தீன் மரபுக் கோவில்களில் 16ஆம் நூற்றாண்டிலிருந்து வெள்ளை பரவியதற்கு இறையியல் காரணம் எதுவும் இல்லை. துணி துவைக்கிறவர்களின் காரணம்தான். கிண்ணத்தைத் துடைக்கும் வெள்ளைத் துகிலில் சிவப்பு இரசம் பட்டால் கறை போகாது. கீழைத் திருச்சபைகள் அந்தக் கவலைப்படாமல் பெரும்பாலும் சிவப்பிலேயே நின்றன.

தோலில் இருக்கும் நிறம்

இந்த இடத்தில் வெள்ளையும் இல்லாத, சிவப்பும் இல்லாத மூன்றாவது நிறம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் நகரத்து மதுக்கூடங்களில் இப்போது ‘ஆரஞ்சு வைன்’ என்று ஒரு வகை கிடைக்கிறது. பெயரைக் கேட்டு ஆரஞ்சுப் பழத்தில் செய்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் ஆரஞ்சு ஒரு சுளைகூட இல்லை.

தேனி, கம்பம் பக்கம் போனவர்கள் பன்னீர் திராட்சை தின்றிருப்பார்கள். ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் 1832இல் அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது அங்குள்ள வரலாறு. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் கருநீலப் பழம் ஒன்றை விரலால் அழுத்திப் பாருங்கள். தோல் கையில் நிற்கும். வெளியே வழுக்கி வரும் சதையோ வெளிர்பச்சையாக இருக்கும். கருப்பு முழுவதும் தோலில்தான். சிவப்பு இரசத்துக்கு நிறம் வருவது சாற்றைத் தோலோடு சேர்த்து நொதிக்க விடுவதால். வெள்ளை இரசம் செய்பவர்கள் வெள்ளைத் திராட்சையைப் பிழிந்ததும் தோலை ஒதுக்கிவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்க வைப்பார்கள்.

அதே வெள்ளைத் திராட்சையைத் தோலோடும் விதையோடும் நாள்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் ஊறவிட்டால் கிடைப்பதுதான் ஆரஞ்சு வைன். தோலில் மறைந்திருந்த மஞ்சளும் செம்பும் இறங்கி, சாறு தேன் நிறத்துக்கு வரும். கூடவே துவர்ப்பும் இறங்கும். நாவல் பழம் தின்றபின் நாக்கில் நிற்குமே, கடுந்தேநீர் குடித்தபின் பல்லில் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு. சாறு காற்றுப்பட்டுச் சீக்கிரம் கெடாமல் காப்பதில் அந்தத் துவர்ப்புக்கும் பங்கு உண்டு.

பெயர் புதிது. டேவிட் ஹார்வி என்ற பிரிட்டிஷ் இரச வணிகர் 2004இல் அதைச் சொல்லத் தொடங்கினார். செய்முறை மிகப் பழையது. ஜார்ஜியா நாட்டில் ‘க்வெவ்ரி’ என்ற பெரிய மண் தாழியைக் கழுத்துவரை நிலத்தில் புதைத்து, திராட்சையைத் தோலோடு அதில் இட்டு மூடிவிடுவார்கள். அங்கே இரசம் செய்ததற்கு ஏறத்தாழ 8000 ஆண்டுப் பழமையான தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்தத் தாழி முறையை யுனெஸ்கோ 2013இல் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இத்தாலியின் ஸ்லோவேனிய எல்லையில் யோஷ்கோ கிராவ்னர் என்பவர் 2001இல் ஜார்ஜியத் தாழிகளில் இரசம் செய்யத் தொடங்கியபோதுதான் மேற்குலகம் திரும்பிப் பார்த்தது.

நமக்கு வேண்டிய செய்தி ஜார்ஜிய வீடுகளில் இருக்கிறது. கோவிலுக்கென்று ஒரு தாழியைத் தனியாக ஒதுக்கி, அதில் வைக்கும் இரசத்தை ‘செதாஷே’ என்று அழைத்தார்கள். வீட்டார் அதை வேறு எதற்கும் தொடமாட்டார்கள். முதல் படி நெல்லைக் கோவிலுக்கு எடுத்துவைக்கும் நம் வழக்கத்தைப் போன்றதுதான்.

அப்படியானால் ஆரஞ்சு வைன் நம் பீடத்துக்கு ஆகுமா? எதுவும் கலக்காத திராட்சையாகவும், ஊர் பேர் தெரிந்த இரசமாகவும் இருந்தால் சட்டம் தடுக்காது. துகில் துவைப்பவர் முணுமுணுக்கலாம். குப்பி தூக்கும் பையனுக்கு மட்டும் நிம்மதி, இரண்டும் மாறவே மாறாது. ‘எதுவும் சேர்க்காத இயற்கை இரசம்’ என்று மதுக்கூடங்கள் இன்று பெருமையாக எழுதிப்போடுவதைப் பூசையறை நெடுங்காலமாகச் சட்டமாகவே வைத்திருக்கிறது.

குடியும் இரசமும்

தமிழில் இரசத்தைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்யும். கள்ளும் சம்சுவும் சம்பளத்தை விழுங்கிய வீடுகளின் கதை நம்மில் பலருக்குத் தாத்தா பாட்டி வாயிலாகத் தெரியும். 2013 டிசம்பர் 8ஆம் தேதி லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015 ஏப்ரல் முதல் புதிய மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. இரவு 10.30க்குமேல் தீவு முழுவதும் கடைகளில் மது வாங்கிச் செல்ல முடியாது. லிட்டில் இந்தியாவுக்கு வாரயிறுதிகளில் கூடுதல் கட்டுப்பாடு உண்டு.

இந்தத் தயக்கம் கிறிஸ்தவருக்குள்ளேயும் உண்டு. நம் கோவிலிலிருந்து நடந்து போகும் தொலைவில், ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை இருக்கிறது. மெதடிஸ்ட் மரபில் திருவிருந்துக்குப் புளிக்காத திராட்சைச் சாறுதான். 1869இல் தாமஸ் வெல்ச் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் அன்பர், சாற்றைச் சூடாக்கி நொதிக்காமல் காக்கும் வழியைக் கண்டதும் அந்த வழக்கம் எளிதாயிற்று. ஒரே பேட்டையில் இரண்டு தமிழ்ச் சபைகள், இரண்டு வகைக் கிண்ணங்கள். ஆனால் இரு சபையாரும் மது என்றோ சாராயம் என்றோ சொல்லாமல் ‘இரசம்’ என்றே சொன்னார்கள். குடிக்கு ஒரு சொல், கிண்ணத்துக்கு ஒரு சொல் என்று பிரித்துவைத்தது தமிழ்.

கிண்ணத்துக்குத் தமிழ் வந்த நாள்

தமிழருக்கென்று கட்டிய கோவில் இது. ஆனாலும் 1888 முதல் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிண்ணத்தின்மேல் சொன்ன செபம் லத்தீன். பிரசங்கம் தமிழ், பாட்டு தமிழ், மாதாவிடம் கேட்ட வேண்டுதல் தமிழ். குருவானவர் கிண்ணத்தை உயர்த்தும்போது மட்டும் சபைக்குப் புரியாத மொழி. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வழிபாட்டுச் சாசனத்தை வெளியிட்ட பிறகே தாய்மொழி பீடத்துக்கு ஏறியது.

தமிழ் பீடம் ஏறிப் பத்தாண்டு ஆவதற்குள் இன்னொரு மாற்றம் வந்தது. 1974இல் மொழிவாரிப் பங்கு என்ற ஏற்பாடு முடிந்தது. ஓபிர் சாலைக் கோவில் எல்லா இனத்தாருக்கும் உரிய பங்காயிற்று. அன்று சிலருக்கு நெஞ்சில் ஒரு துவர்ப்பு இருந்திருக்கும். சாற்றைப் பிழிந்துகொண்டு தோலை எறிந்துவிடுவார்களோ என்ற கவலையும் வந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. ஆங்கிலம் கோவிலுக்குள் வந்தது, தமிழ்ப் பூசையும் நின்றது. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்த் திருப்பலி நடக்கிறது. பிப்ரவரி 11 மாதா திருநாளுக்குத் தீவின் பல மூலைகளிலிருந்தும் தமிழர் இங்கே வருகிறார்கள். 1974க்குப் பிந்தைய இந்த ஐம்பது சொச்ச ஆண்டில் தமிழ் மற்ற மொழிகளோடு ஊறியிருக்கிறது, கரைந்துபோகவில்லை. கோவில் வரலாற்றில் கூர்மாடத்துக்கு அடுத்தபடியாக நான் பெருமைப்படுவது இதற்குத்தான்.

கல்லுக்கும் கோபுரத்துக்கும் ஆவணம் இருக்கிறது. குப்பி பிடித்த கைகளுக்கு ஆவணம் குறைவு. உங்கள் வீட்டில் பீடச் சிறுவர் உடையில் நிற்கும் அப்பாவின் படம், புதுநன்மை அட்டை, லத்தீனும் தமிழும் கலந்த பழைய செபப் புத்தகம், திருநாள் அழைப்பிதழ் எது இருந்தாலும் பங்கு அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். படி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். படத்தின் பின்புறம் யார், எந்த ஆண்டு என்று மட்டும் மறக்காமல் எழுதிவையுங்கள்.